பெங்களூருக்குப் போகாத பிள்ளைகள்

கண்ணு,

ரயில் திருப்பூரை விட்டுக் கிளம்பியதும் இதைப் பிரித்துப் படி. ஊத்துக்குளி வருவதற்குள் படித்து முடித்துவிடு. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். இப்போதே கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே. அப்படிச் செய்வாய் என்று எனக்குத் தெரியும், என் பிள்ளைதானே நீ.

நாளைக் காலை நீ நிஜமாகவே பெங்களூர் போகிறாய். இதை எழுதும்போதே ஏதோ பொய் சொல்லி மாட்டிக்கொண்டவள் போல இருக்கிறது எனக்கு. ஒன்றரை வருடம் நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தானே. கல்லூரியிலிருந்து ஆயுத பூஜை விடுமுறைக்கு வந்த நீ திரும்பிப் போகவில்லை. மாடியறைக் கதவைச் சாத்திக்கொண்டாய், ஜன்னலில் போர்வையைக் கட்டினாய். ஒரு கல்யாண மண்டபத்தில் யாரோ ஒரு பெரியம்மா, “பையன் வரலீங்களா?” என்று கேட்டபோது, “பெங்களூருல ஒரு கோர்ஸ் படிக்கறானுங்க” என்று என் வாயிலிருந்து தானாக வந்தது. என்ன கோர்ஸ் என்று அவர் கேட்கவில்லை. பெங்களூர் என்றால் நம்மவர்கள் அதற்கு மேல் கேட்பதில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

சொன்ன பொய்யை வளர்க்கவும் வேண்டியிருந்தது. வாசலில் கிடந்த உன் செருப்பை உள்ளே எடுத்து வைத்தேன். உன் வண்டியைப் பழைய படுதாவால் மூடினேன். பொங்கலுக்கு ஊத்துக்குளியில் மாமா வீட்டுக்குப் போனபோது, நீ பெங்களூரிலிருந்து வாங்கி அனுப்பியதாக அத்தைக்கு ஒரு ஸ்வெட்டர் கொடுத்தேன். நம் பனியன் கம்பெனி இருக்கும் முதலிபாளையத்திலேயே, இரண்டு தெரு தள்ளி வாங்கியது அது. நம்மூரில் யாருக்கும் துணி கொடுத்து ஏமாற்ற முடியாது என்பதை அந்த அவசரத்தில் மறந்துபோனேன். அத்தை அதை வாங்கி, விரித்து, உள்பக்கத்தைத் திருப்பி, தோள்பட்டைத் தையல் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். “நல்லா இருக்குதுங்க அம்மிணி” என்றாள். என் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து என்னை ‘வா, போ’ என்று உரிமையாகப் பேசுகிறவள் உன் அத்தை. அன்றைக்கு ‘ங்க’ போட்டாள். நம் பக்கத்தில் சந்தேகம் வந்தால் மரியாதை கூடிவிடும். உனக்கு இது சின்ன வயதிலிருந்தே தெரியும். நான் குரலைத் தாழ்த்தி யாரையாவது ‘உக்காருங்க, காப்பி குடிங்க’ என்று உபசரித்தால், வந்தவர் யாரோ எவரோ என்று நீ உன் அப்பாவிடம் போய்ச் சொல்லுவாய்.

சந்தேகப்படுவது எனக்குத் தொழில். உன் அப்பா தையல் பகுதியைப் பார்க்கிறார், நான் செக்கிங் பார்க்கிறேன். கையில் வருகிற ஒவ்வொரு பீஸிலும் ஒரு குறை இருக்கும் என்று நம்பித்தான் அதை எடுக்க வேண்டும். ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் என்று ஏதாவது ஒன்று இருக்கும். பார்த்ததும் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். நல்ல பீஸைச் சந்தேகப்பட்டால் ஒரு நிமிடம்தான் வீண். மோசமான பீஸை நம்பினால் சரக்கே திரும்பி வரும். இருபது வருடம் இப்படிப் பழகிய கண், வீட்டுக்கு வந்த பிறகும் மூடிக்கொள்வதில்லை. நீயோ கல்லூரியில் எல்லாரும் உன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றாய், போன் உன்னைக் கவனிக்கிறது என்றாய், சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள் என்றாய். டாக்டர் அதை ஒரு நோய் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். உன் சந்தேகத்துக்கு மாத்திரை கிடைத்தது, என்னுடையதற்குக் கெட்டிக்காரி என்று பெயர் கிடைத்தது. இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. உன்னுடையது உன்னைத் தின்றது, நான் என்னுடையதைத் தின்று வாழ்ந்தேன். ஆனால் அது எங்கிருந்தோ வந்த அந்நியன் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

சாப்பாட்டில் கலந்தது உண்மை. நீ மாத்திரையைத் துப்பினாய், நான் ஏலக்காய் இடிக்கிற சின்ன உரலில் அதைப் பொடித்து, மாமா வீட்டு நெய்யைக் கூடுதலாக ஊற்றிச் சோற்றில் பிசைந்தேன். நெய் கசப்பை மறைக்கும் என்று நினைத்தேன். இதெல்லாம் நீ அறிந்ததுதான். இருந்தாலும் மறுபடி எழுதுகிறேன், ஏனென்றால் இன்றைக்கு நடந்தது இதிலிருந்துதான் தொடங்குகிறது.

அப்போதுதான் கதிர் வந்தான். ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள்: இதே கஷ்டத்தைப் பட்டுத் தேறிய பையன், உங்கள் மகனை விடக் கொஞ்சம் மூத்தவன், வந்து பேசிக்கொண்டிருப்பான், வைத்தியம் செய்ய மாட்டான், கூட இருப்பான் என்று. கூட இருப்பதற்கு ஒருவன் வேலை மெனக்கெட்டு வருவானா என்று நான் யோசித்தேன். வாசலில் நின்ற அவனிடம் மரியாதையைக் கொட்டினேன். “வாங்க, உக்காருங்க. எந்தூருங்க? அப்பா என்ன பண்றாருங்க?”

“தேனிப் பக்கம்மா. அப்பா பெருமாநல்லூர்ல பவர் டேபிள் டெய்லர். நானும் இங்கதான் வளந்தேன்.”

“இப்ப உங்களுக்கு முழுசா சரியாயிருச்சுங்களா?”

“மாத்திரை சாப்பிட்டுக்கிட்டுத்தாம்மா இருக்கேன். காலையில கூடச் சாப்பிட்டேன்.”

இவனே மாத்திரையில் இருக்கிறான், இவன் என் பிள்ளைக்கு என்ன செய்துவிடப் போகிறான்? அடுத்த நாளே பெருமாநல்லூரில் எனக்குத் தெரிந்த இரண்டு பேரிடம் அவன் குடும்பத்தைப் பற்றி விசாரித்தேன். கெட்டதாக எதுவும் கிடைக்கவில்லை. அதுவே எனக்கு இன்னும் பெரிய சந்தேகமாகிவிட்டது.

அவன் உன் கதவைத் தட்டவில்லை. மாடிப்படியின் உச்சிப் படியில் உட்கார்ந்து, உனக்குக் கேட்கும்படி, பஸ்ஸில் நடந்த சண்டையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். நான் சமையலறையில் சட்னி அரைப்பதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். மேலே இருந்து அவன் குரல் வந்தது: “அம்மா, மிக்ஸிய நிப்பாட்டிட்டீங்களே? ஓடட்டும்மா. நாங்க ரகசியம் பேசுறப்ப சொல்லி அனுப்புறேன்.” அப்போதுதான், பல மாதங்களில் முதல் முறையாக, கதவுக்குப் பின்னால் நீ சிரித்தது கேட்டது. என்னைக் கேலி செய்துதான் சிரித்தாய். பரவாயில்லை என்று மிக்ஸியைப் போட்டேன்.

டாக்டரிடம் போன நாள் உனக்கும் நினைவிருக்கும். அவர் வழக்கம்போல என்னைப் பார்த்துத்தான், “பையன் தூங்குறானா, சாப்பிடுறானா?” என்று கேட்டார். நானும் வழக்கம்போலப் பதில் சொல்லத் தொடங்கினேன். கதிர் குறுக்கே வந்தான். “சார், தம்பி இங்கதான் உக்காந்திருக்காப்ல. அவருகிட்டயே கேளுங்க.” பெரியவர்கள் பேசும்போது இவன் யார் நடுவில் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. நீ தரையைப் பார்த்தபடி, “அம்மா சோத்துல என்னமோ கலக்கறாங்க” என்றாய். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: “அவனுக்கு இருக்கற சந்தேகமே அதுதானுங்களே சார்.” உன் நோயை எடுத்து என் பொய்க்கு மேல் போர்த்தினேன். அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார்.

வெளியே வந்து நீ காரில் ஏறிய பிறகு, கதிர் என்னிடம் தனியாகச் சொன்னான். “எங்கம்மா மாத்திரைய மீன் கொழம்புல போட்டுச்சும்மா. எனக்கு மட்டும் தனியா ஊத்தணும்னு அதுக்குத் தோணல. குடும்பமே தின்னுட்டுப் பொழுது சாயுற வரைக்கும் தூங்குனோம்.” எனக்குச் சிரிப்பு வந்தது, அவனும் சிரித்தான். பிறகு, “நீங்களே அவருகிட்டச் சொல்லிருங்கம்மா. நான் சொன்னா அது கோள் மூட்டுறது” என்றான். என்னைக் குற்றவாளியாக்க அவன் முயற்சி செய்யவில்லை. அதுதான் என்னைத் தடுமாற வைத்தது. குற்றம் சாட்டியிருந்தால் மறுத்திருப்பேன்.

அன்றைக்கே உன்னிடம் சொன்னேன். நீ பல நாள் என் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. பிறகு ஒரு காலை கீழே இறங்கி வந்து, “மாத்திரை அட்டை இனி எங்கிட்ட இருக்கட்டும்மா” என்று கை நீட்டினாய். அடுத்த முறை டாக்டரிடமும் உண்மையைச் சொன்னேன். நீ ஒரே நாளில் தேறவில்லை. இடையில் ஒருமுறை ஆஸ்பத்திரியில் படுத்தாய். அந்த நாட்களிலும் கதிர் வந்தான். உன்னைக் கல்லூரியில் திரும்பச் சேர்க்க முதல்வரிடம் போனபோது, நீ பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். இன்றைக்கும் அவனை நான் முழுதாக நம்பிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் கண்ணுக்கு அவனிடம் அம்பு ஒட்ட இடம் கிடைக்கவில்லை.

படிப்பும் முடிந்து, நாளை முதல் நீயும் கதிர் செய்கிற வேலைக்குப் பெங்களூரில் பயிற்சி எடுக்கப் போகிறாய். உனக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். நீ போகிற வீட்டில் அம்மாக்காரி உன்னிடம் பணிவாகப் பேசினால், அவள் உன்னைத் துளியும் நம்பவில்லை என்று புரிந்துகொள். கோபப்படாதே. அவள் மிக்ஸியை நிறுத்தினால் நிறுத்தட்டும். அதைவிட, உன்னைப் பார்த்த உடனே நம்பிவிடுகிற வீட்டில் கவனமாக இரு, அவர்கள் தங்கள் பிள்ளையை உன் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கப் பார்க்கலாம். போன வருடம் ஒருவர் கேமராவோடு வந்து உன் கதையைச் சொல்லச் சொன்னாரே, நான் காப்பி கொடுத்து அனுப்பி வைத்தேனே, அதற்காக இன்றும் நான் வருந்தவில்லை. உன் கதையை யாருக்காகச் சொல்கிறாய் என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள். உள்ளே முடங்கிக் கிடக்கும் ஒருவனுக்காக என்றால் சொல். கேட்பவர்களுக்குக் கண்ணீர் வர வேண்டும் என்பதற்காக என்றால் வாயை மூடிக்கொண்டு வா. உன் மாத்திரையை விடாதே, அடுத்தவன் மாத்திரையைப் பற்றி யோசனை சொல்லாதே, அது டாக்டர் வேலை. களைத்துப்போனால் கதிரிடம் சொல். என்னிடம் சொன்னாலும் சரி, ஆனால் நான் அடுத்த வண்டியில் கிளம்பி வந்துவிடுவேன்.

இனி மாமா வீட்டு விஷயம். போன வாரம் வெண்ணெய் வாங்க ஊத்துக்குளி போயிருந்தேன். மாமா மகன் கண்ணில் படவே இல்லை. “நவீன் எங்கீங்க நங்கை, காலேஜ் லீவுதானே?” என்று கேட்டேன். அண்ணன் மனைவியை நங்கை என்றுதான் நான் கூப்பிடுவேன் என்பது உனக்குத் தெரியும். அத்தை முகத்தைத் திருப்பாமல், “அவன் பெங்களூருல ஒரு கோர்ஸ் சேந்திருக்கறானுங்க” என்றாள்.

இருபது வருடம் செக்கிங் பார்த்தவளுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? நான் நெய்த துணி அது. வாசலில் உன் வயதுப் பையன் செருப்பு ஒன்றுகூட இல்லை. நவீன் வண்டிக்குப் படுதா போட்டிருந்தது. சமையலறையில் சின்ன உரல் கழுவாமல் இருந்தது, அடியில் வெள்ளையாகப் பொடி. நான் வெண்ணெயை வாங்கிக்கொண்டு, காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

உன்னிடம் சொன்னபோது நீ சட்டென்று, “போய்ப் பேசுங்கம்மா” என்றாய். அடுத்தவர் வீட்டு விஷயம், கேட்டால் அவமானப்படுவார்கள் என்றேன். நம் பெங்களூரும் பொய் என்று ஒத்துக்கொள்ள வேண்டி வருமே என்பதுதான் நிஜக் காரணம், அதை உன்னிடம் சொல்லவில்லை. நீ கோபித்துக்கொள்ளவில்லை. “உள்ள இருக்கறவனுக்கு வெளிய எல்லாரும் பொய் சொல்றது நல்லாக் கேக்கும்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு மாடி ஏறினாய்.

இன்று காலை, நீ பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது, கம்பெனிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஊத்துக்குளிக்குத்தான் போனேன். மாமா வெளியே போயிருந்தார். அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“வாங்க அம்மிணி. அதுக்குள்ள வெண்ணெய் தீந்துருச்சுங்களா?”

“தீரலீங்க நங்கை. எம்பையன் பெங்களூரு போகவே இல்லீங்க. அன்னைக்கெல்லாம் மாடியிலதான் இருந்தான். ஒடம்புக்கு ஒண்ணுமில்ல, மனசுக்குத்தான் முடியல.”

அவள் கை நிற்கவில்லை. “அப்படீங்களா” என்றாள். “காப்பி போடறனுங்க, உக்காருங்க.”

“மாத்திரையை இடிச்சு நெய்ச் சோத்துல போட்டனுங்க. கண்டுபிடிச்சுட்டான். அப்பறம் எங்கையில பச்சத்தண்ணி வாங்கல.”

கீரை ஆய்ந்த கை அப்படியே நின்றது. “யாரு சொன்னாங்க உங்களுக்கு?”

“யாரும் சொல்லலீங்க. போன வாரம் உரலைப் பார்த்தேன்.”

“ஏலக்காய் இடிச்சேன்.”

“ஏலக்காய் இடிச்சா மணக்குமுங்க நங்கை.”

அவள் கீரையை ஒதுக்கி வைத்தாள். எந்த டாக்டர் கொடுத்தது என்று கேட்டேன். டாக்டரே இல்லையாம். தூக்கம் வரவில்லை என்று தன் பேரில் எங்கோ வாங்கி வைத்ததைப் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறாள். அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. நிறுத்துங்கள், நாளை மறுநாளே நவீனிடம் சொல்லிவிட்டு டாக்டரைப் பார்க்கலாம், நானும் வருகிறேன் என்றேன். கதிரைப் பற்றிச் சொன்னேன்.

“யாரு எவருன்னு தெரியாத பையனை ஊட்டுக்குள்ள எப்படி விடறது?”

“சந்தேகப்பட்டுக்கிட்டே விடுங்க. நான் அப்படித்தான் விட்டேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணிலும் தண்ணீர் வந்தது. முந்தானையில் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “அந்த ஸ்வெட்டரு நம்மூருத் தையல்னு அன்னைக்கே தெரியும் அம்மிணி.”

“அப்பறம் ஏனுங்க கேக்கல?”

“கேட்டிருந்தா நீ சொல்லியிருப்பயா?”

“மாட்டனுங்க.”

“அதான்.” கொஞ்சம் பொறுத்து, மாடியைப் பார்த்தபடி, “உம்பையனை நாளைக்கு ஒருக்கா வரச் சொல்லு. நவீன் கதவைத் தட்டிப் பார்க்கட்டும்” என்றாள்.

“நாளைக்கு அவன் பெங்களூரு போறானுங்க நங்கை” என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். “இத்தனையும் சொன்ன பின்னாலயும் பெங்களூருங்கறயே!” என்றாள். “நிஜமாத்தானுங்க” என்றேன். சத்தியம் செய்தேன். பயிற்சியைப் பற்றி விளக்கினேன். ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில், “எந்த வண்டி? நான் மாடியில நின்னு பாக்கறேன்” என்றாள். மாமா வீட்டின் பின்பக்கம் தண்டவாளத்தை ஒட்டித்தானே இருக்கிறது.

அதனால்தான் ஊத்துக்குளிக்கு முன்னால் படித்து முடிக்கச் சொன்னேன். இப்போது எழுந்து கதவுப் பக்கம் போ. கம்பியை இறுக்கப் பிடித்துக்கொண்டு உள்ளேயே நில். மொட்டை மாடியில் அத்தை நிற்பாள், நன்றாகக் கை காட்டு. அவள் நம்புவதற்காக மட்டும் இல்லை. அவளுக்குக் கீழே நவீன் அறை. ஜன்னலில் போர்வை கட்டியிருக்கிறான். நீ கட்டியிருந்தபோது கீழே தோட்டத்திலிருந்து நான் தினமும் பார்ப்பேன்: போர்வையின் ஒரு ஓரம் எப்போதும் விரற்கடை அகலம் விலகியிருக்கும், அந்த இடத்தில் உன் கண் இருக்கும். இவனும் விலக்கித்தான் வைத்திருப்பான். எல்லாரையும் சந்தேகப்படுகிறவன் வெளியே பார்க்காமல் இருக்க மாட்டான்.

அத்தைக்குக் காட்டி முடித்ததும், அந்த ஜன்னலைப் பார்த்து இன்னொரு முறை கை காட்டு.

அம்மா